பூஜ்யத்தை உடனே நம்பிவிடக் கூடாது

ஐசியூவில் சேர்ந்தவருக்கு நான்காம் நாள் காய்ச்சல் அடிக்கிறது. வரும்போதே உடம்பில் இருந்த கிருமியா, வந்த இடத்தில் தொற்றியதா? சேர்ந்த மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ தலைகாட்டும் தொற்று, பொதுவாக மருத்துவமனையின் கணக்கில்தான் சேரும்.

அந்தக் கணக்கை இந்தியாவில் ஒரே முறையில் எடுக்க, டெல்லி எய்ம்ஸை மையமாகக் கொண்டு ஒரு வலையமைப்பு இயங்குகிறது. 2017 மே முதல் 2018 அக்டோபர் வரை 26 மருத்துவமனைகளின் 89 ஐசியூக்களில் 2,622 ரத்தத் தொற்றுகளும் 737 சிறுநீர்த் தொற்றுகளும் பதிவாகின. ரத்தத்தில் அதிகம் வளர்ந்தது க்ளெப்சியெல்லா என்ற கிருமி. அதில் 72 சதவீதம், கடைசிக்கட்ட மருந்தாக வைத்திருக்கும் கார்பபெனெமுக்கே மசியவில்லை. ரத்தத் தொற்று விகிதம் உச்சத்தில் இருந்தது பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில். படிக்கும்போதே மனம் பதறுகிறது.

விகிதம் எப்படி வருகிறது? தினமும் ஒரே நேரத்தில் ஒரு நர்ஸ் படுக்கை படுக்கையாகப் போய், யார் யாருக்குப் பெரிய ரத்தக் குழாயில் செருகும் சென்ட்ரல் லைன் இருக்கிறது, யாருக்குச் சிறுநீர்க் குழாய் என்று குறிக்கிறார். பத்துப் பேருக்கு லைன் என்றால் அன்றைக்குப் பத்து லைன் நாள். ஆயிரம் லைன் நாளுக்கு எத்தனை தொற்று என்று பார்த்தால்தான் பெரிய மருத்துவமனையையும் சிறியதையும் ஒப்பிட முடியும்.

சிக்கல் இன்னோர் இடத்தில் இருக்கிறது. ராத்திரி காய்ச்சல் வந்ததும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கு ரத்தம் எடுக்காமல் ஆன்டிபயாடிக் ஏற்றிவிட்டால், மறுநாள் எடுக்கும் பாட்டிலில் பல நேரம் எதுவும் வளராது. நோயாளிக்குத் தொற்று இருக்கும், பதிவேட்டில் இருக்காது. ஆகவே "எங்களிடம் தொற்றே இல்லை" என்று சொல்லும் மருத்துவமனையிடம், மாதம் எத்தனை கல்ச்சர் அனுப்பினீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

எண்ணினால் குறைக்கவும் முடியும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநில ஐசியூக்களில் பீட்டர் புரோனோவோஸ்ட் குழு நடத்திய முயற்சியின் முடிவு 2006இல் வெளியானது: ஆயிரம் லைன் நாளுக்கு 7.7 ஆக இருந்த ரத்தத் தொற்றுச் சராசரி, ஒன்றரை ஆண்டில் 1.4 ஆக இறங்கியது. கை கழுவுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, கவுனும் மாஸ்க்கும் போடுவது, முடிந்தவரை தொடை வழியாக லைன் போடுவதைத் தவிர்ப்பது, தேவை முடிந்ததும் லைனைக் கழற்றுவது. அவ்வளவுதான். கூடவே, ஒரு படி விடுபட்டால் டாக்டரையே நிறுத்தும் அதிகாரம் நர்ஸுக்கு இருந்தது.

நம் வார்டில் ஓர் இளம் நர்ஸ், "சார், கவுன் போடல, நிறுத்துங்க" என்று பேராசிரியரிடம் சொன்னால் அந்த நர்ஸுக்கு எந்தத் தொல்லையும் வராது என்று கண்காணிப்பாளர் எழுத்தில் உத்தரவு போடலாம். அதற்குச் செலவு ஒரு தாள்.