ஆசிரியருக்கும் உண்டு அரும்பு, மொட்டு, மலர்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள், சொல்கிறேன். 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்து உட்காரவைத்தோம். அதைத் தினமும் நடத்துகிறவர்கள் நம் ஆசிரியர்கள்தான். அவர்களுக்கே செயலிப் பயிற்சி என்றதும், வட்டார வள மையத்தில் ஒரே கூடத்தில் உட்காரவைத்து ஒரே பிபிடியை ஓட்டிவிடுகிறோம். பாதிப் பேர் கொட்டாவி விடுகிறார்கள், மீதிப் பேர் முழிக்கிறார்கள்.

சரி, ஆசிரியர்களை எப்படி நிலைவாரியாகப் பிரிப்பது? வயதை வைத்துப் பிரித்தால் ஏமாந்துபோவீர்கள். ஓய்வை நெருங்கிய தலைமையாசிரியர் தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தவராக இருப்பார்; பழைய தட்டச்சு விசைப்பலகை கிடைத்தால் வெளுத்து வாங்குவார், தமிழ்99 என்றால் எழுத்தைத் தேடுவார். ரீல்ஸ் போடுகிற இளம் ஆசிரியைக்கு எக்ஸெலில் பெயர்களை அகர வரிசையில் அடுக்கத் தெரியாமல் இருக்கலாம். அதனால் காலையில் வந்ததும் இரண்டு வேலை கொடுத்துப் பாருங்கள். ஒன்று, பாடநூலில் 2018-லிருந்து இருக்கிற க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து காணொளியைத் திறப்பது. இன்னொன்று, ஒரு பிடிஎஃபை இறக்கிப் பக்கத்தில் இருப்பவருக்கு அனுப்புவது. யார் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பிடிஎஃபில்தான். "டவுன்லோடு ஆயிடுச்சு சார், எங்க போச்சுன்னுதான் தெரியல" என்பார் ஒரு டீச்சர். எட்டிப் பார்த்தால் கேலரியைத் தள்ளிக்கொண்டே இருப்பார்: பேரன் படம், கோயில் படம், காலை வணக்கம். கேலரியில் படமும் வீடியோவும்தான் வரும். பிடிஎஃபை ஃபைல்ஸ் செயலியில், டவுன்லோட்ஸ் என்ற இடத்தில் தேட வேண்டும். இவ்வளவுதான் விஷயம், இத்தனை வருடத்தில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இது பிடிபட்டால் சுற்றறிக்கை, வினாத்தாள், படிவம் எல்லாவற்றுக்கும் அடுத்தவரைத் தேடுவது குறையும். பயிற்சியில் ஒரு மணி நேரம் இதற்கே போனாலும் போகட்டும்.

அந்த நேரம் பார்த்து உதவிக்கு ஒருவர் வருவார். "குடுங்க டீச்சர்" என்று போனை வாங்கி, நாலு தட்டுத் தட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். டீச்சரும் "தேங்க்ஸ்பா" என்பார். மறுநாள் பள்ளியில் அதே இடத்தில் நிற்பார். பிள்ளையின் நோட்டில் நாமே கணக்கைப் போட்டுக் கொடுப்போமா? வாயால் சொல்லலாம், விரலால் காட்டலாம். அடுத்தவர் போனைத் தொடக்கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வேகமாக முடித்தவர்களுக்கு வேறு வேலை வைத்திருங்கள். சும்மா இருந்தால் உதவி செய்யக் கிளம்பிவிடுவார்கள்.

மாணவர், ஆசிரியர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தின் பக்கங்களை மட்டும் முந்தின நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்தால் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும், உங்கள் பயிற்சியும் அதோடு நின்றுவிடும்.