நாய்க்குட்டியின் காதை நறுக்கத்தான் வேண்டுமா?

சென்ற மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர், மீள்குடியேறிய குடும்பமொன்றைப் பார்க்கச் சென்றிருந்தோம். பல ஆண்டுகள் நலன்புரி நிலையத்திலும், பின்னர் உறவினர் வளவிலும் இருந்துவிட்டுத் தமது சொந்தக் காணிக்குத் திரும்பியவர்கள். வீடு இன்னும் அரைச்சுவரில் நிற்கிறது. வேலிக்குக் கதியால் நட்டிருக்கிறார்கள். அது தழைத்து மறைப்பாவதற்கு இன்னும் இரண்டு மாரி செல்லும். அதற்குள் பத்து ஆடுகளில் மூன்று ஒரே இரவில் களவு போய்விட்டன. செய்தி அறிந்த கொழும்பு உறவினர் ஒருவர் டொபர்மன் குட்டியொன்றை அனுப்பிவைத்திருந்தார்.

குட்டிக்கு எட்டுக் கிழமை. வால் ஏற்கனவே வெட்டப்பட்டிருந்தது. குடும்பத் தலைவர் எம்மிடம் கேட்டார்: "சுவாமி, காதையும் வெட்டினால்தான் நிமிர்ந்து நிக்குமாம், ரோசமும் வருமாம். பக்கத்து ஊரிலை ஒருத்தர் வெட்டிவிடுவாராம். நீங்கள் என்ன சொல்லுறியள்?" அவர் மனைவி அடுப்படியிலிருந்து, "அதுக்கு இன்னொரு ஆட்டை விக்கவேணும், அதையும் சுவாமியிட்டைச் சொல்லுங்கோ" என்றார். சின்ன மகள் ஒன்றும் சொல்லவில்லை. குட்டியை மடியில் வைத்து அதன் இரண்டு காதுகளையும் பொத்திப் பிடித்திருந்தாள்.

இக்கேள்வி எம்மிடம் வருவது இது முதற்தடவையன்று. முன்னர் எமது வளவுகளை ஊர்நாய்களே காத்துவந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டபோது அவற்றைக் கட்டவிழ்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த நினைவு பலருக்கு இன்னும் ஆறவில்லை. இப்போது திரும்பிய காணிகளுக்கு அல்சேஷன், றொட்வைலர், டொபர்மன் என்று பெரிய சாதி நாய்கள் வந்து சேருகின்றன. நாயோடு சேர்ந்து, அதை எப்படி வெட்டித் திருத்தவேண்டும் என்ற ஆலோசனைகளும் வருகின்றன.

காது நறுக்கும் வழக்கத்துக்குப் பழைய காலத்தில் ஒரு காரணம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. துருக்கியிலும் மத்திய ஆசியாவிலும் ஓநாயோடு பொருதி மந்தையைக் காக்கும் நாய்களுக்கு இடையர்கள் குட்டியிலேயே காதை அறுத்துவிடுவார்கள். ஓநாய் கடித்துப் பிடிப்பதற்கு ஒன்றும் மிஞ்சக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. கிறேற் டேன் எனப்படும் பெருநாயின் முன்னோர்கள் ஜேர்மன் நாடுகளில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பயன்பட்டவை. பன்றியின் கொம்பு காதைக் கிழித்துவிடும் என்று அவற்றுக்கும் நறுக்கினார்கள். காரணங்களோடு மூடநம்பிக்கையும் கலந்தே இருந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமரின் வேளாண்மை பற்றி விரிவாக எழுதிய கொலுமெல்லா என்பவர், குட்டி பிறந்த 40ஆம் நாளில் வால் நுனியைக் கடித்து அகற்றினால் அதற்கு விசர் பிடிக்காது என்ற இடையர் நம்பிக்கையைத் தமது நூலில் பதிந்துவைத்திருக்கிறார். பயிரையும் மந்தையையும் நன்றாக அறிந்த மனிதர்தான்! விசர்நோய்க்கு வாலோடு ஒரு தொடர்பும் இல்லை என்பது இன்று சிறுபிள்ளைக்கும் தெரியும்.

டொபர்மன் சாதியின் கதை அவ்வளவு பழையதன்று. ஜேர்மனியின் துரிங்கியாப் பகுதியில் அப்போல்டா என்ற சிறு நகரில் வரி அறவிடுபவராக இருந்த டொபர்மன் என்பவர், தமக்குக் காவலாக வரக்கூடிய நாயொன்றை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கினார். அவர் 1894இல் இறந்தார். நாய் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கைகலப்பில் எவரும் பற்றிப் பிடிக்க முடியாதவாறு அதன் காதும் வாலும் வெட்டப்பட்டன. காலம் போகப் போக, காரணத்தை மக்கள் மறந்தார்கள். கூரான காதே அந்தச் சாதியின் அழகு என்றாயிற்று.

ஆனால் அதே ஜேர்மனியில் 1987ஆம் ஆண்டிலிருந்து நாயின் காதை நறுக்குவது சட்டப்படி தடை. 1998இல் வால் வெட்டுவதையும், வேட்டை நாய்களுக்குச் சில விதிவிலக்குகளோடு, தடைசெய்தார்கள். ஐரோப்பிய நாடுகள் 1987இல் செய்துகொண்ட வளர்ப்புப் பிராணிகள் பற்றிய உடன்படிக்கையும் தோற்றத்துக்காகச் செய்யும் இத்தகைய வெட்டுக்களை விலக்குகிறது. ஐக்கிய அமெரிக்காவில் சட்டத் தடை இல்லை. என்றாலும் அங்குள்ள மிருக வைத்தியர் சங்கம் 2008இல் அழகுக்காகக் காது வெட்டுவதை எதிர்த்து நிலைப்பாடு எடுத்தது. ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் எமது உறவினர் அங்கே செய்ய முடியாத ஒன்றை, "அங்கையெல்லாம் இப்பிடித்தான் வளக்கிறவை" என்று இங்கே நாம் செய்துகொண்டிருக்கிறோம்.

முறையாகச் செய்யும்போது இது எத்தகைய வேலை என்பதையும் சொல்லவேண்டும். ஏழு முதல் பன்னிரண்டு கிழமை வரையான குட்டிக்கு மிருக வைத்தியர் முழு மயக்கம் கொடுத்து, செவிமடலின் பெரும் பங்கைக் குருத்தெலும்போடு வெட்டி, ஓரத்தைத் தைக்கிறார். வேலை அத்தோடு முடிவதில்லை. காது நிமிர்ந்து நிற்பதற்காக ஒரு தாங்கியில் வைத்துப் பிளாஸ்ரர் சுற்றி, அதைத் திரும்பத் திரும்ப அவிழ்த்துக் கட்டவேண்டும். பல கிழமைகள், சில குட்டிகளுக்கு மாதங்கள்கூடச் செல்லும். இவ்வளவுக்குப் பிறகும் சில காதுகள் நிமிர்வதில்லை. எமது ஊர்களிலோ மயக்கமும் இல்லை, தையலும் இல்லை. சவர அலகு, சாம்பல், மஞ்சள்; நாலு பேர் அமத்திப் பிடிக்க ஒருவர் அறுப்பார்.

இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை. இதற்கு நாமே ஒருமுறை உடந்தையாக இருந்தோம். 2011ஆம் ஆண்டளவில் எமது பொறுப்பிலிருந்த சிறு பயிற்சிப் பண்ணைக்கு அல்சேஷன் கலப்புக் குட்டியொன்று வந்தது. மூன்று மாதமாகியும் காது தொங்குகிறதே என்று எல்லாருக்கும் கவலை. பன்றிக்குட்டிகளுக்கு நலமடிப்பதில் கைதேர்ந்த ஒருவர், தாம் ஒரு நொடியில் சரிசெய்வதாகச் சொன்னார். நாமும் தலையசைத்துவிட்டோம். ஐந்தாம் நாள் குட்டி தலையைச் சுவரில் தேய்க்கத் தொடங்கியது. கிட்டப் போனால் நாற்றம். இலையான் மொய்த்து, இரண்டு காயத்திலும் புழு வைத்திருந்தது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் குழைத்துப் பூசினோம், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடினோம். அவர் ஒவ்வொரு புழுவாக எடுத்துத் துப்புரவு செய்துகொண்டே சொன்னார்: "இந்தச் சாதிக்கு நாலைஞ்சு மாதத்திலை காது தானாய் நிமிரும், ஃபாதர். நீங்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

குட்டி பிழைத்தது. இடது காது பாதியாயிற்று, வலது காது அடியோடு போயிற்று. ரோசம் வரும் என்றார்களே, அது வரவில்லை. எவராவது அதன் தலைப்பக்கமாகக் கையைக் கொண்டுபோனால் நிலத்தோடு பதுங்கிவிடும். காவலுக்கென வளர்த்த நாய், இரவில் ஆள் அரவம் கேட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. எட்டு ஆண்டுகள் அது எம்மோடு இருந்தது. தன்னை அறுத்தவரைக் கண்டால் மட்டும் கடைசிவரை குரைத்தது.

தொங்கும் காதில் சீழ் பிடிக்கும், நறுக்கினால் பிடிக்காது என்பாரும் உண்டு. காதுநோய் தொடங்குவது உள்ளே செல்லும் குழாயில். மடலை வெட்டுவதால் குழாய் மாறுவதில்லை. கிழமைக்கொருமுறை காதைத் தூக்கிப் பார்த்து, அழுக்கை மெல்லிய துணியால் துடைத்தாற் போதும். உண்ணியும் அப்போதே கண்ணில் படும். கூரான காதுள்ள நாய்தான் நன்றாகக் காவல் காக்கும் என்பார்களுக்கு நாம் காட்டுவது றொட்வைலரை. அதன் காது தொங்கும் காது. அதை ஒருவரும் நறுக்குவதில்லை. அந்த நாய் கேற்றடியில் நின்றால் உள்ளே வரத் துணிவு யாருக்கு?

வன்னிப் பக்கத்து விவசாயிகள் சிலர், "எங்களுக்கும் பன்றித் தொல்லை இருக்குத்தானே" என்கிறார்கள். உண்மைதான். ஆயினும் பன்றி நாயைக் கொல்லுவது காதைப் பிடித்தல்ல. அடிவயிற்றையும் நெஞ்சையும் கிழித்தே கொல்லுகிறது. இன்று ஐரோப்பிய வேட்டைக்காரர் தமது நாய்களுக்கு நெஞ்சையும் வயிற்றையும் மூடும் தடித்த கவச அங்கி அணிவிக்கிறார்கள். காதை வெட்டி நாயைக் காப்பாற்றலாம் என்று நம்பியிருப்பதில்லை.

நாம் விலங்கின் உடம்பில் கத்தியே வைக்கக்கூடாது என்று சொல்லவரவில்லை. விவசாயிக்கு அப்படிச் சொல்வது இலேசு, செய்வது முடியாது. நாம்பனுக்கு நலமடிக்கிறோம், இல்லாவிட்டால் ஏரில் பூட்ட முடியாது. மாட்டுக்குக் குறிசுடுகிறோம். இடம்பெயர்ந்த காலத்தில் கலைந்த மாடுகளில் சிலவற்றையாவது குறியைக் கொண்டே அடையாளம் கண்டு மீட்டோம் அல்லவா? பெட்டை நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கிறோம், இல்லாவிட்டால் ஆண்டுக்கு இருமுறை குட்டிகளைத் தெருவில் விடவேண்டிவரும். இவற்றால் விலங்குக்கோ குடும்பத்துக்கோ ஒரு பயன் உண்டு, அவற்றிலும் வலியைக் குறைக்கும் வழியைத் தேடுவது எமது கடமை. காது நறுக்குவதால் குட்டிக்கு என்ன கிடைக்கிறது? வீட்டுக்கு என்ன கிடைக்கிறது? பார்ப்பவர் கண்ணுக்குப் பொல்லாத நாய்போலத் தெரிகிறது, அவ்வளவுதான். விலங்குகளுக்குத் தேவையற்ற துன்பம் விளைவிப்பதைக் குற்றமாகக் கொள்ளும் கட்டளைச் சட்டம் எமது நாட்டில் 1907ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. இந்த வலி தேவையற்றது என்பதே எமது முடிவு.

அன்று அந்தக் குடும்பத்துக்கும் இதையே சொன்னோம். ஆட்டை விற்கவேண்டாம். காது வெட்டுபவருக்குக் கொடுக்க நினைத்த காசில் ஒரு பங்கோடு குட்டியைக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். விசர்நோய்த் தடுப்பூசியும், குட்டிகளை வாரிக்கொண்டுபோகும் பார்வோ வயிற்றோட்டத்துக்கான ஊசியும் எப்போது போடவேண்டும் என்று கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சி மருந்தும் கொடுங்கள். பகலில் நிழலில் நீளமான கயிற்றில் கட்டி, ஆடு பட்டியில் அடைந்தபின் அவிழ்த்துவிடுங்கள். சாப்பாட்டை ஒரே கையால் வையுங்கள். கண்டவர் கையில் வாங்கித் தின்னப் பழகிய நாய் கள்ளனிடமும் வாங்கித் தின்னும்.

குடும்பத் தலைவர் முழுமனதோடு தலையாட்டினார் என்று சொல்லமாட்டோம். "வால் இல்லை, காது மட்டும் தொங்கினால் பாக்கிறவன் சிரிக்கமாட்டானே, சுவாமி?" என்றார். சிரிக்கலாம்தான் என்றோம்.

அண்மையில் மறுபடியும் அவ்வழியே போனோம். வீட்டுக்குக் கூரை ஏறியிருந்தது. ஒழுங்கையில் சைக்கிளை நிறுத்துமுன்னரே குரைப்புக் கேட்டது. கேற்றில் கை வைக்க எமக்கும் மனம் வரவில்லை. அம்மா வந்து அதட்டியபின்தான் உள்ளே போக முடிந்தது. ஏழு ஆடும் பட்டியில் நின்றன, ஒன்று சினை. நாய் எம்மைச் சுற்றிச் சுற்றி மணந்து பார்த்தது. பாய்ந்து வந்த வேகத்தில் அதன் ஒரு காது உட்புறம் வெளியே தெரிய மடிந்து கிடந்தது. சின்ன மகள் ஓடிவந்து அதை நேராக்கிவிட்டாள்.