பழைய காருக்கு செகண்ட் ஹேண்ட் அலாய் வீல்: 18,000 ரூபாய் டீல் 41,300 ஆன கணக்கு



சில மாசத்துக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை காலையில என் சித்தி பையன் போன் பண்ணான். "அண்ணா, நம்ம ஸ்விஃப்ட்டுக்கு அலாய் வீல் ஒரு செட் சிக்கியிருக்கு. டயரோட சேர்த்து 18,000 தான். சிட்டி கார்ல இருந்து கழட்டினது. இன்னிக்கே எடுக்கலைன்னா போயிடுமாம். ஜிபே பண்ணிடட்டுமா?"

கார் சித்தப்பா ஓட்டினது. 2010 மாடல் ஸ்விஃப்ட் டீசல், விடிஐ. ஸ்டீல் ரிம், மேல பிளாஸ்டிக் வீல் கப். தம்பி வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது. புது கார் லோன் எடுக்காம அப்பா காரையே ஓட்டுறான். அந்த முடிவுக்கே நான் அவனுக்கு சல்யூட் அடிப்பேன். அப்படிப்பட்டவன் "காரைக் கொஞ்சம் அழகாக்கிக்கறேன்"னு ஆசைப்பட்டா "வேண்டாம்"னு சொல்ல எனக்கு மனசு வரலை. "பணம் அனுப்பாத, நேர்ல போய்ப் பார்க்கலாம்"னு மட்டும் சொன்னேன்.

நேர்ல பார்த்ததும், உட்கார்ந்து போட்ட கணக்கும்தான் இந்தக் கட்டுரை.

முதல்ல என் கதை

நான் ஏன் அவசரப்பட வேண்டாம்னு சொன்னேன்னா, 2017-ல நானே மாட்டினவன். அப்போ என்கிட்ட ஒரு பழைய ஐ10. ஒரு கடையில பளபளன்னு புது பெயின்ட் அடிச்ச செகண்ட் ஹேண்ட் அலாய் செட், 9,500 ரூபாய். பில் கேட்டேன், "பில் போட்டா ரேட் ஏறும் சார்"னு சொன்னாங்க. ஆடிட்டரா இருந்துகிட்டு நானும் தலையாட்டிட்டேன்.

ரெண்டு மாசம் ஒரே ஒரு வீல்ல மட்டும் வாரா வாரம் காத்து இறங்கும். பஞ்சர்காரர் டயரைத் தண்ணியில முக்கிப் பார்த்துட்டு "டயர் நல்லாதான் இருக்கு"ம்பார். ஒரு நாள் ராத்திரி திண்டிவனம் தாண்டி வரும்போது மொத்தமா இறங்கிடுச்சு. காருக்குள்ள மனைவி, எட்டு மாசக் குழந்தை. பக்கத்துல லாரிங்க பறக்குது. ஸ்டெப்னி மாத்துற அந்த 25 நிமிஷத்தை இன்னும் மறக்கலை.

அடுத்த நாள் டயரைக் கழட்டினா ரிம்மோட உள்பக்கம் விரல் நீளத்துக்கு வெல்டிங். விரிசலை ஒட்டவெச்சு மேல பெயின்ட் அடிச்சிருக்காங்க. பில் இல்லாததால கடையில போய்க் கேட்க முடியலை. 9,500 ரூபாய் செட் எடைக்குத்தான் போச்சு.

வாங்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டிய நாலு அளவு

"பி.சி.டி. ஒண்ணுதான் சார், அப்படியே உட்காரும்" என்பதுதான் விற்கிறவங்க சொல்ற முதல் வார்த்தை. அது பாதி உண்மைதான்.

1. பி.சி.டி.: நட் போடுற துளைகள் வழியா ஒரு வட்டம் போட்டா அதோட விட்டம். ஸ்விஃப்ட், ஐ10, ஐ20, ஹோண்டா சிட்டி எல்லாம் 4x100. அதாவது நாலு துளை, 100 மி.மீ. வட்டம். முதல் தலைமுறை ஃபிகோ 4x108, போலோ 5x100. இது பொருந்தலைன்னா பேச்சே வேண்டாம். 108-ஐ 100-ல "இழுத்து மாட்டிடலாம்"னு யாராவது சொன்னா கிளம்பிடுங்க.

2. நடு ஓட்டை, அதாவது சென்டர் போர்: ஸ்விஃப்ட் ஹப் 54.1 மி.மீ. சிட்டி அலாயோட நடு ஓட்டை 56.1 மி.மீ. ரெண்டு மி.மீ. இடைவெளி. ரிம் உள்ள போயிடும், ஆனா ஹப் மேல கச்சிதமா உட்காராது. வீல் மையம் தப்பி நின்னா வேகம் ஏறும்போது ஸ்டியரிங் நடுங்கும். இதுக்கு ஹப் ரிங் போடணும். வெளி விட்டம் 56.1, உள் விட்டம் 54.1.

3. நட்: இதைத்தான் யாருமே சொல்றதில்லை. சுசுகி ஸ்டட் எம்12 x 1.25, ஹோண்டா எம்12 x 1.5. மரை வேற, அதனால சிட்டி நட் ஸ்விஃப்ட்ல ஏறாது. "உங்க பழைய நட்டையே போட்டுக்கலாம்"னு சொல்வாங்க. அதுவும் தப்பு. சுசுகி நட்டோட முனை கூம்பு மாதிரி இருக்கும். ஹோண்டா கம்பெனி அலாய்ல நட் உட்கார்ற குழி உருண்டை. கூம்பை உருண்டைக் குழியில வெச்சா மெல்லிய ஒரு வளையத்துல மட்டும்தான் தொடும். டைட்டா இருக்கிற மாதிரியே தெரியும், ஓட ஓட லூஸாகும். இந்த செட்டை மாட்டணும்னா உருண்டை முனையும் 1.25 மரையும் சேர்ந்த நட் தேடணும்.

4. இ.டி., அதாவது ஆஃப்செட்: ரிம்மோட நடுக்கோட்டுக்கும் ஹப்பைத் தொடுற முகத்துக்கும் உள்ள தூரம். பெரும்பாலும் ரிம் பின்பக்கமே இ.டி.ன்னு போட்டு மி.மீ.-ல எண் இருக்கும். எண் குறைஞ்சா வீல் வெளிய துருத்தும். கூடினா உள்ள போய் சஸ்பென்ஷன்ல உரசலாம். உங்க பழைய ரிம் எண்ணோடயும் அகலத்தோடயும் ஒப்பிட்டுப் பாருங்க.

டயர் கணக்கு

தம்பியோட ஒரிஜினல் டயர் 165/80 ஆர்14. அகலம் 165 மி.மீ., அதுல 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 14 இன்ச் ரிம். மொத்த விட்டம் 619.6 மி.மீ. வருது.

சிட்டி செட்ல இருந்தது 175/65 ஆர்15. விட்டம் 608.5 மி.மீ. 1.8 சதவீதம் சின்னது. ஓட்டலாம், ஸ்பீடோமீட்டர் கொஞ்சம் கூடுதலா காட்டும். ஆனா லோடு இண்டெக்ஸ் பாருங்க. ஒரிஜினல் 85, அதாவது டயருக்கு 515 கிலோ. இது 84, அதாவது 500 கிலோ. கம்பெனி கொடுத்த தாங்கும் திறனுக்குக் கீழ போகவே கூடாதுங்கறது என் விதி.

185/65 ஆர்15 எடுத்தா விட்டம் 621.5 மி.மீ. வித்தியாசம் ரெண்டு மி.மீ.-க்குள்ள. லோடு இண்டெக்ஸ் 88, 560 கிலோ. அடுத்த தலைமுறை ஸ்விஃப்ட் டாப் மாடல்ல கம்பெனியே போட்ட சைஸ் இது.

இன்னொண்ணு, டயர் பக்கச்சுவர்ல நாலு இலக்க எண் இருக்கும். அந்த சிட்டி டயர்ல 1417. 2017-ம் வருஷம் 14-வது வாரம் தயாரானது. பட்டன் ஆழமா இருந்தாலும் எட்டு வருஷ ரப்பர். என் கணக்குல அதோட மதிப்பு பூஜ்யம்.

ரிம்மை எப்படி செக் பண்றது?

- டயரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. கழட்ட மாட்டேன்னா வாங்காதீங்க. விரிசலும் வெல்டிங்கும் உள்பக்கம்தான் ஒளிஞ்சிருக்கும்.
- வெறும் ரிம்மை பேலன்சிங் மெஷின்ல சுத்தவிடுங்க. விளிம்பு மேலயும் கீழயும் ஆடுதான்னு கண்ணாலயே தெரியும். லேசான வளைவைச் சரி பண்ண ஆள் இருக்காங்க. வெல்டிங் போட்ட ரிம் இலவசமாக் கொடுத்தாலும் வேண்டாம்.
- நட் குழி நீள்வட்டமா தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க. லூஸா ஓடின வீல்னு அர்த்தம்.
- நாலு ரிம்மோட பின்பக்க எண்களும் ஒண்ணா இருக்கணும். மூணு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரின்னா அந்த நாலாவது எங்கிருந்து வந்ததுன்னு கேளுங்க.
- புது பெயின்ட்னா சந்தேகம் கூடணும். கீறல் தெரியற பழைய ரிம்மை நான் அதிகம் நம்புவேன்.

சிட்டி செட்ல வெல்டிங் எதுவும் இல்லை. விற்கிறவரும் நல்ல மனுஷன்தான், டயரைக் கழட்டவும் விட்டார். பொருள்ல குறை இல்லை, எங்க காருக்குத்தான் அது பொருந்தலை.

இப்போ கணக்கு

கடைக்கு வெளிய டீக்கடையில உட்கார்ந்து தம்பி போன்லயே போட்ட கணக்கு இது. விலையெல்லாம் நாங்க விசாரிச்சது, உங்க ஊர்ல மாறும்.

சிட்டி செட் வாங்கினா:
- செட்: 18,000
- எட்டு வருஷ டயரை மாத்த, புது டயர் 4: 18,400
- ஹப் ரிங் 4: 1,200
- சரியான நட் 16: 2,000
- வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட்: 1,700
- மொத்தம்: 41,300

ஸ்விஃப்ட் டாப் மாடலோட 15 இன்ச் கம்பெனி அலாய் தேடி வாங்கினா:
- ரிம் மட்டும்: 14,000
- புது டயர் 4: 18,800
- ஹப் ரிங்: தேவையில்லை
- புது நட் 16: 800
- வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட்: 1,700
- மொத்தம்: 35,300

இப்போ மூணாவது கணக்கு. தம்பியோட பழைய டயர்ல பட்டன் 1.6 மி.மீ. குறியைத் தொட்டாச்சு. அலாய் வாங்கலைன்னாலும் டயர் மாத்தித்தான் ஆகணும். ஸ்டீல் ரிம்லயே புது டயர் போட்டா 16,800 + 1,700 = 18,500.

ஆக அலாய்க்காக மட்டும் அவன் கூடுதலா செலவழிக்கறது 35,300-ல 18,500 போக 16,800 ரூபாய். நாங்க இதை இன்க்ரிமென்டல் காஸ்ட்னு சொல்வோம். முடிவெடுக்க வேண்டியது இந்த ஒரு எண்ணை வெச்சுத்தான்.

இதுவே டயர் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகுதுன்னா கணக்கு தலைகீழ். நல்லா இருக்கிற 14 இன்ச் டயரைக் கழட்டிப் போட்டுட்டு முழு 35,300-ஐயும் அலாய்க்கே கொடுக்கறீங்க. அதனால அலாய் வாங்க சரியான நேரம், டயர் மாத்த வேண்டிய நேரம். அதுவரைக்கும் ஆசையைத் தள்ளிப்போடுங்க.

2025 செப்டம்பர் 22-லிருந்து புது கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமா குறைஞ்சிருக்கு. வரிக்கு முன் 4,000 ரூபாய் டயர், முன்னாடி 5,120. இப்போ 4,720. நாலு டயருக்கு 1,600 ரூபாய் மிச்சம். பில்லுல 18 தானான்னு பாருங்க.

பில், இன்சூரன்ஸ், சட்டம்

பில்: புதுப்பேட்டையோ, ஆன்லைன்ல தனி ஆளோ, எங்க வாங்கினாலும் எழுத்துல ஒரு ரசீது வாங்குங்க. பெயர், தேதி, ரிம் சைஸ், தொகை போதும். பணத்தை யுபிஐ-ல கொடுங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினா பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுல குற்றம். பாதி விலை, பில் கிடையாது, ராத்திரி வந்து எடுத்துக்கோன்னா அதுவே காரணம்தான்.

இன்சூரன்ஸ்: நாம வெளிய வாங்கி மாட்டின அலாய் உங்க ஐ.டி.வி.-யில சேராது. எலக்ட்ரிகல் அல்லாத ஆக்சசரின்னு கம்பெனிக்கு எழுதிச் சொல்லி, மதிப்பைச் சேர்த்து, பிரீமியம் கட்டணும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசின்னா உங்க வீலுக்கு ஒரு ரூபாய் கூட வராது. காம்ப்ரிஹென்சிவ் இருந்தாலும் பத்து வருஷம் தாண்டின காருக்கு உலோக பாகங்கள்ல 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. தம்பி கேட்டான், "அப்போ சொல்லணுமா வேண்டாமாண்ணா?" சொல்லுடா. மாற்றத்தை மறைச்சு வெச்சு, பெரிய க்ளெய்ம் வரும்போது பதில் சொல்லிட்டு நிக்காத.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து வண்டியை மாத்தறதைக் கட்டுப்படுத்துது. உங்க மாடலுக்குக் கம்பெனியே கொடுத்த சைஸுக்குள்ள நிக்கறதும், டயர் பாடியை விட்டு வெளிய துருத்தாம இருக்கறதும் பாதுகாப்பான வழி.

மாட்டும்போது

- ஹப் முகத்துல இருக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சு எடுக்கச் சொல்லுங்க. துரு மேல ரிம் நேரா உட்காராது.
- நட்டை முதல்ல கையால ஏத்தணும். அப்புறம் எதிரெதிரா குறுக்கா டைட் பண்ணணும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்ச்ல, உங்க கார் மேனுவல்ல உள்ள அளவுக்கு. கன் வெச்சு "டர்ர்"னு முடிச்சு அனுப்பினா ஒத்துக்காதீங்க.
- ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாருங்க. பின்சீட்டுல மூணு பேரை உட்காரவெச்சு ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்திப் பாருங்க. உரசக் கூடாது.
- 50-லிருந்து 100 கி.மீ. ஓடினதும் நட்டை மறுபடி செக் பண்ணுங்க.
- பழைய ஸ்டீல் ரிம்மை விற்காதீங்க. ஒண்ணு ஸ்டெப்னியாவே இருக்கும், மிச்சத்தைப் பரண்ல போடுங்க. காரை விற்கும்போது ஸ்டீல் ரிம்மோட கொடுத்துட்டு அலாயைத் தனியா வித்துக்கலாம். அலாய் இருக்குன்னு பழைய காருக்கு யாரும் பெருசா விலை ஏத்தித் தர மாட்டாங்க.

அப்போ வாங்கலாமா?

"16,800 ரூபாயை 12 சதவீதத்துல பத்து வருஷம் விட்டா 52,000 ஆகும்"னு நான் பாடம் எடுக்கப் போறதில்லை. சம்பாதிக்கறதுல கொஞ்சம் ஆசைக்கும் வேணும். ஆனா மூணு கேள்விக்கும் "ஆமா"ன்னு பதில் வரணும்.

1. டயர் எப்படியும் மாத்த வேண்டியிருக்கா?
2. கார்டு இ.எம்.ஐ. இல்லாம கையில இருக்கிற பணத்துலயே முடியுமா? கார்டு பாக்கியைச் சுழல விட்டா மாசம் மூணு, மூணரை சதவீத வட்டி. எந்த வீலும் அவ்வளவு அழகில்லை.
3. பிரேக், சஸ்பென்ஷன் வேலை ஏதும் பாக்கி இல்லையா? பிரேக் பேட் தேய்ஞ்ச கார்ல அலாய் மாட்டறது, கூரை ஒழுகும்போது வாசலுக்கு பெயின்ட் அடிக்கிற மாதிரி.

தம்பிக்கு ரெண்டாவது கேள்வியிலதான் இடிச்சது. ரெண்டு மாசம் தனியா எடுத்து வெச்சான். அதுக்குள்ள டயர் ரிஸ்க் வேண்டாம்னு காரை ஆபீசுக்கு எடுக்காம மெட்ரோலயும் பஸ்லயும் போனான். போன வாரம் ஸ்விஃப்ட் டாப் மாடல் செட் ஒண்ணு கிடைச்சது, ரசீதோட. டயரைக் கழட்டி, மெஷின்ல சுத்திப் பார்த்துதான் வாங்கினோம்.

மாட்டினதும் சித்தப்பா காரை ஒரு சுத்து சுத்திப் பார்த்துட்டுக் கேட்டது ஒண்ணுதான்: "நட்டெல்லாம் டைட்டா இருக்காடா?"

100 கி.மீ. ஓடினதும் செக் பண்ணோம் சித்தப்பா. டைட்டா இருக்கு.