வானத்து விளக்குகளும் மலைநாட்டுச் சாட்சிகளும்

பெரகலைச் சந்தியிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் வீதியிலே, மலைமுகட்டுக்கும் சமவெளிக்கும் இடையில் ஒரு படியைப் போல அமைந்திருக்கிறது கொஸ்லந்த. வடக்கே தேயிலை போர்த்த மலைச்சுவர். தெற்கே நிலம் சட்டெனத் தாழ்ந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி பரந்து கிடக்கும். அந்தத் தாழ்வை நோக்கித்தான் தியலும அருவி 220 மீற்றர் உயரத்திலிருந்து குதிக்கிறது.

பகலிலே இவ்வழியாகச் செல்வோர் அருவியைப் பார்த்து மகிழ்ந்து போய்விடுவர். இரவிலே இங்கு வாழ்பவர்கள் காணும் காட்சி வேறு. வடக்கே பூனாகலைப் பக்கத்து லயங்களின் விளக்குகள் மலைச்சரிவிலே மினுங்கும். மூடுபனி வந்து மலையை மறைத்துவிட்டாலோ, அவ்விளக்குகளுட் சில அந்தரத்திலே தொங்குவன போலத் தோன்றும். தெற்கே அடிவானம் வெகு தாழ்வில் இருப்பதால், பிற ஊர்களில் மரமும் மலையும் மறைத்துவிடுகின்ற ஒளிகள் பலவும் இங்கே கண்ணிற் படும்.

இத்தகைய ஊரிலே, விடியுமுன் பிரட்டுக்குப் புறப்பட்ட ஒருவர், "நேற்று ஆகாயத்திலே ஓர் ஒளியைக் கண்டேன், அது நட்சத்திரமும் அல்ல, விமானமும் அல்ல" என்று கூறுகின்றார் என வைத்துக்கொள்வோம். கேட்பவர்களிற் சிலர் நகைப்பர், "இரவிலே என்ன குடித்தாய்?" என்பர். வேறு சிலர் வியப்பர்; "பறக்கும் தட்டுத்தான்!" என்பர். ஒன்றுக்கொன்று நேர்மாறானவை போலத் தோன்றும் இவ்விரு விடைகளுக்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. இரு சாராரும் அந்த மனிதரிடம் இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. எந்தத் திசையில்? எத்தனை மணிக்கு? எவ்வளவு நேரம்? இக்கேள்விகளிலேதான் ஆராய்ச்சி தொடங்குகிறது.

கூடலூர் கிழார் தந்த சாட்சியம்

இது நமக்குப் புதிய கலையன்று. புறநானூற்றின் 229 ஆம் பாடலை இலக்கிய மாணவர் அறிவர். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைந்தபோது கூடலூர் கிழார் பாடிய கையறுநிலை அது. வானிலிருந்து ஒரு மீன் எரிந்து விழக் கண்ட புலவர், மன்னனுக்குத் தீங்கு நேருமோ என அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். அப்பாடலைத் துயரப் பாடலாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். அதனை ஒரு சாட்சியின் வாக்குமூலமாகவும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

பங்குனி மாதத்தின் முற்பகுதி என்று காலத்தைக் கூறுகிறார் புலவர். நள்ளிரவு என்று பொழுதைக் கூறுகிறார். உச்சியில் நின்ற நாள்மீன் சாய்வதையும், அதற்கு எதிரே வேறொரு நாள்மீன் எழுவதையும், இன்னொன்று மேற்கே படிவதையும் குறிக்கிறார். அந்த எரிமீன் கிழக்கும் செல்லவில்லை, வடக்கும் செல்லவில்லை என்று திசையையும் வரையறுக்கிறார். இக்காலத்து வானியலாளர் ஒருவர் சாட்சியிடம் கேட்கின்ற கேள்விகளுள் மிகப் பலவற்றுக்கு விடை அங்கே இருக்கிறது.

பாடலிலே இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, கண் கண்டது. மற்றொன்று, நெஞ்சம் அஞ்சியது. எரிமீனுக்கும் மன்னன் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று இன்று நாம் கூறுவோம். ஆனால் அதனால் புலவர் கண்டது பொய்யாகிவிடுமா? கண்டது கண்டதுதான். கண்டதனையும் கருதியதனையும் வேறு வேறாகப் பிரித்தெடுப்பதே விசாரிப்பவரின் கடமை.

உழவர் சொல்லும் அறிஞர் சபையும்

இக்கடமையிற் பெரிய அறிஞரும் தவறியதுண்டு. 1768 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லூசே என்னும் இடத்தில், வயலில் வேலை செய்து கொண்டிருந்தவர்கள் வானிலிருந்து ஒரு கல் விழக் கண்டனர். பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் அக்கல்லை ஆராய்ந்தவருள் இரசாயனவியலின் தந்தையெனப் போற்றப்படும் லவோசியரும் ஒருவர். அது வானத்துக் கல்லன்று. மின்னல் தாக்கிய பூமிக் கல்லே என்பது அவர்கள் முடிவு. கல்லைச் சோதித்தார்கள், கண்டவர்களின் சொல்லுக்கு உரிய எடை கொடுக்கத் தவறினார்கள்.

1803 ஏப்ரல் 26 ஆம் நாள் அதே நாட்டின் லேகிள் என்னும் ஊரைச் சுற்றி மூவாயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் பொழிந்தன. இம்முறை அரசாங்கம் பியோ என்னும் 29 வயது இளம் விஞ்ஞானியை அனுப்பியது. அவர் ஊர் ஊராக நடந்தார். வெவ்வேறு தொழில் செய்வோரை, ஒருவரையொருவர் அறியாதவர்களை, தனித்தனியே விசாரித்தார். கற்கள் விழுந்த இடங்களைப் படத்திலே குறித்தார். அவை ஒரு நீள்வட்டத்துக்குள் அடங்கியதைக் கண்டார். அவருடைய அறிக்கைக்குப் பின்னர் விண்கற்கள் உண்டென்பதை மறுப்பார் அருகினர். உழவரின் வாய்மொழி விஞ்ஞான உண்மையாயிற்று. இடையிலே கழிந்தவை 35 ஆண்டுகள்!

லடாக் எல்லையில் 329 ஒளிகள்

சாட்சியை நம்பாமை ஒரு பிழையானால், சாட்சி இட்ட பெயரை அப்படியே நம்புவது மற்றொரு பிழை. இதற்கு அயல்நாடாகிய இந்தியாவிலே நல்ல உதாரணம் உண்டு.

2012 ஆகஸ்ட் முதல் 2013 பெப்ரவரி வரை, லடாக் எல்லையிற் காவல் நின்ற இந்தியப் படைவீரர்கள் இனந்தெரியாத ஒளிகளை 329 தடவை கண்டதாகப் பதிவு செய்தனர். எல்லைக்கு அப்பாலிருந்து வேவு பார்க்க அனுப்பப்பட்ட ஆளில்லா விமானங்களே அவை என்ற ஐயம் எழுந்தது. படைகள் எதிரெதிரே நிற்குமிடத்தில் அத்தகைய ஐயம் சிறு விடயமன்று. நல்ல வேளையாக, இந்திய வானியற்பியல் நிறுவனத்தாரின் உதவி நாடப்பட்டது. வீரர்கள் குறித்த நேரத்தையும் திசையையும் வானத்துக் கோள்களின் நிலையோடு ஒப்பிட்டபோது உண்மை வெளிப்பட்டது. மாலை ஆறு மணியளவிலே தோன்றி விடியும்வரை நின்ற ஒளி வியாழன்; அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பகல் வெளிச்சத்திலே மங்கிய ஒளி வெள்ளி!

வீரர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்வையிலும் பழுதில்லை. மெல்லிய மலைக்காற்றினூடே கோள்கள் மிகுந்த பிரகாசத்தோடு தோன்றும். பூமி சுழல்வதால் மலைமுகட்டைக் கடந்து நகர்வதும் உண்மையே. பிழைத்தது பெயர் மட்டுந்தான். அவர்கள் நாளும் நேரமும் குறித்து வைத்தமையாலன்றோ அப்பிழையைத் திருத்த முடிந்தது!

கண்ணும் கருத்தும்

நம் கண்ணுக்குச் சில இயல்புகள் உண்டு. இருளிலே தனித்து நிற்கும் ஒளிப்புள்ளியை உற்று நோக்கினால், அது அசையாதிருந்தும் அசைவது போலத் தோன்றும். நேராக நம்மை நோக்கிவரும் விமானத்தின் விளக்கு, நெடுநேரம் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தோன்றும். அடிவானத்தருகே உள்ள விண்மீன் காற்றின் அலைவினாற் சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னும். மார்கழி மாலைகளில் கொஸ்லந்தவின் தென்கிழக்கு வானில் எழும் அகத்திய மீனைப் பார்த்தால் இது விளங்கும்.

கண் கண்டதைக் கருத்து நிறைவு செய்து விடுவதும் உண்டு. 1968 மார்ச் 3 ஆம் நாள், சோவியத் நாட்டின் சொண்ட் 4 விண்கலத்தோடு தொடர்புடைய சிதைவுகள் அமெரிக்காவின் மேலே வானில் எரிந்து சென்றன. கண்டவர்களிற் பலர், ஒளிப்புள்ளிகள் வரிசையாகச் சென்றன என்று சரியாகவே கூறினர். சிலரோ, சுருட்டு வடிவமான ஒரு கப்பலையும் அதன் பலகணிகளில் ஒளிர்ந்த விளக்குகளையும் கண்டதாகக் கூறினர். புள்ளிகளுக்கிடையே இருந்த இருளை மனம் ஒரு கப்பலாகக் கட்டிவிட்டது. ஆகையால் சாட்சியிடம் "கப்பலா?" என்று கேட்கலாகாது, "எத்தனை ஒளிகள்?" என்றே கேட்க வேண்டும்.

அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை திரட்டிய 12,618 அறிக்கைகளில், 701 இனங்காணப்படாமல் எஞ்சின. எஞ்சியவை அயலுலகக் கப்பல்கள் என்பது பொருளன்று. அவை எவையென்று அறுதியிட்டுக் கூற முடியவில்லை என்பதே பொருள்.

நம் நாட்டு அனுபவம்

2012 டிசெம்பர் 29 ஆம் நாள் பொலன்னறுவைப் பகுதியில் ஒரு தீப்பந்து வானிற் செல்லக் கண்டதாக மக்கள் கூறினர். பின்னர் அங்கு எடுக்கப்பட்ட கற்களை ஆராய்ந்த பேராசிரியர் சந்திரா விக்கிரமசிங்கவும் அவருடன் பணியாற்றியோரும், அவற்றில் நுண்ணுயிரின் புதைபடிவங்கள் உள்ளன, ஆகவே பூமிக்கு வெளியேயும் உயிர் உண்டு என்று அறிவித்தனர். வேறு விஞ்ஞானிகள் அக்கற்கள் வானிலிருந்து வந்தவையே அல்ல என்று மறுத்தனர். இங்கே தீப்பந்து ஒரு செய்தி. கற்கள் மற்றொரு செய்தி. அதே தீப்பந்திலிருந்துதான் அதே கற்கள் விழுந்தன என்பதற்கு இடையிலே ஒரு கண்ணி தேவை. அக்கண்ணி உறுதியாக இல்லாதபோது அதன்மேல் எத்துணைப் பெரிய மாளிகையைக் கட்டினாலும் நில்லாது.

இதற்கு எதிர்மாறானது 2015 நவம்பர் 13 ஆம் நாள் நிகழ்ச்சி. ஓரிரு மீற்றர் அளவேயான ஒரு பொருள் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் வானில் எரிந்துவிடும் என்பது, அவ்வாண்டு ஒக்டோபரில் அது கண்டுபிடிக்கப்பட்ட பின்னர் முன்கூட்டியே கணிக்கப்பட்டது. நாளும் நேரமும் தெரிந்திருந்தமையால் விஞ்ஞானிகள் விமானமேறிச் சென்று, முகில்களுக்கு மேலே காத்திருந்து, அது எரிவதைப் படம் பிடித்தனர். 1998 இல் சந்திரனுக்கு ஏவப்பட்ட ஓர் அமெரிக்க விண்கலத்தின் உந்து பகுதியாக அது இருக்கலாம் எனக் கருதப்படுகிறது. மனிதன் எறிந்த பொருளே மர்மப் பொருளாகத் திரும்பி வந்தது!

இன்றோ வானத்தில் மனிதன் ஏற்றிய விளக்குகள் மலிந்துவிட்டன. மணிகோத்தாற் போல ஒரே வரிசையிற் செல்லும் ஒளிகளைக் கண்டால், அவை 2019 முதல் கூட்டங்கூட்டமாக ஏவப்படும் ஸ்டார்லிங்க் செய்மதிகளாக இருக்கக்கூடும். அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் அவை நன்கு தெரியும். மினுங்காமல் சில நிமிடங்களில் வானைக் கடக்கும் பேரொளி, ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையமாகலாம். எரிமீன் பெரும்பாலும் ஓரிரு விநாடிகளில் மறையும். எரிந்து விழும் ரொக்கெட் பகுதியோ மெல்ல நகர்ந்து, உடைந்து, ஒரு நிமிடத்துக்கு மேலும் தெரியலாம். கொஸ்லந்தவின் தெற்கே மத்தள விமான நிலையம் உண்டு. வறண்ட மாதங்களிலே மலைச்சரிவின் மானாப்புல்லிற் பிடித்த நெருப்பு, இருளில் வானத்துச் சரம் போலவே தோன்றும். இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக நீக்கிய பின்னரே, "இனந்தெரியாதது" என்று சொல்ல நமக்கு உரிமையுண்டு.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வாராய்ச்சிக்குப் பெருங்கருவிகள் தேவையில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். நாள், நேரம், திசை, ஒளிகளின் தொகை, நிறம், எவ்வளவு நேரம் தெரிந்தது, எவ்வாறு மறைந்தது, அன்று மூடுபனி இருந்ததா என்பவற்றைக் கண்டவர் தம் சொற்களிலேயே எழுதட்டும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அது வானில் ஏறக்குறைய பத்துப் பாகையை மறைக்கும். அதைக் கொண்டு உயரத்தை அளக்கலாம். இருவர் கண்டிருந்தால், ஒருவரோடொருவர் பேசுமுன் தனித்தனியே எழுத வேண்டும். கண்ட இடத்துக்கே சென்று, "அந்த மரத்துக்கு மேலே" என்று விரலாற் காட்டச் செய்வது எல்லாவற்றிலும் சிறந்தது. மாணவர்க்கு இதைவிட நல்ல விஞ்ஞானப் பாடமோ, உரைநடைப் பயிற்சியோ இல்லை.

இவ்வூரின் பெயரைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாதிருக்க இயலாது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையிலே, கொஸ்லந்த மீரியபெத்தத் தோட்டத்து லயங்கள் மீது மலை சரிந்தது. பல உயிர்கள் மண்ணுக்குள் மறைந்தன. அவ்விடம் அபாயமானது என்ற எச்சரிக்கை 2005 இலும் 2011 இலும் விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை எழுதப்பட்டிருந்தும் லயங்கள் அங்கேயே இருந்தன. சொல்லப்பட்டதைக் கேட்டு, ஆராய்ந்து, அதன்படி நடவாத சமூகம் என்ன விலை கொடுக்கிறது என்பதற்கு அம்மண்ணே சாட்சி.

வானத்து ஒளியைப் பற்றிய விசாரணை ஒரு பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால் தோட்டத்திலே கொழுந்து பறிக்கும் ஒரு தாய், "நான் ஒன்றைக் கண்டேன்" என்று சொல்லும்போது, நகையாமலும் வியவாமலும், "எங்கே அம்மா? எத்தனை மணிக்கு?" என்று கேட்கப் பழகிய ஒரு சமூகம், நாளை அவள், "லயத்துக்குப் பின்னே நிலம் வெடித்திருக்கிறது" என்று சொல்லும்போதும் அவ்வாறே கேட்கும். வானத்திலே கற்கும் அப்பழக்கம் மண்ணிலே உயிர் காக்கும்.