பட்டப் படிப்பும் புள்ளிக் கணக்கும்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஆம் ஆண்டில் கொழும்பில் தோன்றியது. 1952 ஆம் ஆண்டில் பேராதனைக்குப் பெயர்ந்தது. அந்நாளில் இறக்காமம் போன்ற வயற்கிராமத்திலிருந்து உயர்கல்வி நாடியவர் மலைநாடு வரை செல்ல வேண்டியிருந்தது. 1995 ஆம் ஆண்டில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பெற்று, மறு ஆண்டிலேயே அது முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இதனால் ஒலுவில் கடற்கரையோரத்திற்கே அந்த வாய்ப்பு வந்து சேர்ந்தது. இன்று பட்டப் படிப்பில் ஒரு பிள்ளையேனும் இல்லாத தெரு இப்பகுதியில் அரிது.

பல்கலைக்கழகம் அண்மையில் வந்துவிட்டாலும், அங்கு வழங்கும் கணக்கு பல வீடுகளுக்கு இன்னும் எட்டாததாகவே இருக்கின்றது. "எத்தனை பாடத்தில் சித்தி, மகன்?" என்று வாப்பா கேட்கின்றார். "ஜீ.பீ.ஏ. இரண்டு தசம் நான்கு, வாப்பா" என்கின்றான் மகன். அது நன்றா, தீதா என்பது வாப்பாவுக்கு விளங்குவதில்லை. பல வேளைகளில் மகனுக்கும் விளங்குவதில்லை என்பதே கவலைக்குரியது. அந்த எண்ணைக் கொண்டுதான் பட்டத்தின் வகுப்பு நிர்ணயிக்கப்படுகின்றது. முதலாம் ஆண்டுப் பெறுபேற்றைக் கொண்டே சிறப்புப் பட்டப் படிப்புக்கு மாணவரைத் தெரிவு செய்யும் பீடங்களும் உள. மேற்படிப்புக்கும் விரிவுரையாளர் பதவிக்கும் விண்ணப்பிப்போரிடம் முதலிற் கேட்கப்படுவதும் அதுவே.

ஜீ.பீ.ஏ. என்பது தரப்புள்ளிச் சராசரி. ஒவ்வொரு பாட அலகிலும் பெறும் புள்ளி முதலில் ஓர் எழுத்துத் தரமாகவும், பின்னர் ஒரு தரப்புள்ளியாகவும் மாற்றப்படுகின்றது. பல பீடங்களில் வழங்கும் அளவையின்படி 70 புள்ளிக்கு மேற்பட்டோர் ஏ தரத்தையும் 4.0 தரப்புள்ளியையும் பெறுவர். 65 முதல் 69 வரை 3.7, 60 முதல் 64 வரை 3.3, 55 முதல் 59 வரை 3.0, 50 முதல் 54 வரை 2.7, 45 முதல் 49 வரை 2.3, 40 முதல் 44 வரை 2.0. அதற்குக் கீழே 1.7, 1.3, 1.0 என்று இறங்கி, ஈ தரத்திற்குச் சுழியத்தில் முடிகின்றது. முடிவில் சராசரி 3.70 ஆயின் முதலாம் வகுப்பு, 3.30 ஆயின் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 ஆயின் இரண்டாம் வகுப்புக் கீழ்ப்பிரிவு, 2.00 ஆயின் சாதாரண சித்தி.

இந்தச் சராசரி எல்லாப் பாடங்களையும் ஒன்றுபோல் எண்ணிப் பெறுவதன்று. ஒரு கமக்காரருக்கு ஐந்து ஏக்கரில் ஒரு வயலும், ஒரு ஏக்கரில் மற்றொரு வயலும் உள்ளன எனக் கொள்வோம். பெரிய வயல் ஏக்கருக்கு 20 மூடை தருகின்றது. சிறிய வயல் 32 மூடை தருகின்றது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, "என் வயல் ஏக்கருக்கு 26 மூடை விளைகிறது" என்று அவர் சொன்னால் ஊரார் நகைப்பர். மொத்த விளைச்சல் 132 மூடை; நிலம் ஆறு ஏக்கர்; ஆகவே ஏக்கருக்கு 22 மூடையே உண்மைக் கணக்கு.

பாட அலகுக்கும் ஏக்கர்க் கணக்கு உண்டு. அதற்கு கிரெடிட் என்று பெயர். ஒரு மாணவி மூன்று கிரெடிட் அலகொன்றில் 3.0, இன்னொரு மூன்று கிரெடிட் அலகில் 2.3, இரண்டு கிரெடிட் அலகில் 4.0 பெற்றாள் என்க. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 3.1 வரும், இரண்டாம் வகுப்பு உறுதி என்று அவள் மகிழலாம். ஆனால் முறையாகப் பெருக்கினால் ஒன்பதும், ஆறு தசம் ஒன்பதும், எட்டும் சேர்ந்து 23.9 ஆகும். அதனை எட்டுக் கிரெடிட்டால் வகுத்தால் கிடைப்பது 2.99. வகுப்பின் எல்லைக்கு உள்ளே என்று எண்ணியவள் உண்மையில் வெளியே நிற்கின்றாள். விருப்பமான சிறிய பாடத்தில் உழைத்து, கடினமான பெரிய பாடத்தைக் கைவிடுவோர் இக்கணக்கை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

கிரெடிட் என்பது உழைப்பின் அளவுமாகும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் 50 மணி நேரக் கற்றலைக் குறிக்கின்றது. மூன்று கிரெடிட் பாடத்திற்கு 150 மணி நேரம். அதில் விரிவுரை வழக்கமாக 45 மணி நேரமே. எஞ்சிய 105 மணி நேரமும் நூலகத்திலும் வீட்டிலும் மாணவர் தாமே கற்க வேண்டியது. பதினைந்து வாரங்களுக்குப் பகிர்ந்தால் அந்த ஒரு பாடத்திற்கே வாரத்திற்கு ஏழு மணி நேரம் வேண்டும். பரீட்சைக்கு முந்திய பத்து நாட்களில் இதனை ஈடுசெய்யலாம் என்பது வீண் நம்பிக்கை.

இனி, காலத்தின் கணக்கைக் காண்போம். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்திற்கு 120 கிரெடிட், ஆண்டொன்றுக்கு 30. எல்லா ஆண்டுகளும் சமமாகக் கணிக்கப்படும் பீடத்தில் ஒரு மாணவன் முதலாம் ஆண்டில் 2.40 பெறுகின்றான். அவன் 3.00 ஐ எட்ட வேண்டுமாயின் எஞ்சிய மூன்று ஆண்டுகளிலும் சராசரியாக 3.20 பெற்றாற் போதும். இது ஊக்கமுள்ள எவருக்கும் கைகூடும். இரண்டாம் ஆண்டையும் அவன் 2.40 இலேயே கழித்தால், எஞ்சிய இரண்டு ஆண்டுகளில் 3.60 தேவை, அது செங்குத்தான ஏற்றம். மூன்றாம் ஆண்டும் அவ்வாறே கழிந்தால் இறுதி ஆண்டில் 4.80 தேவைப்படும். அளவையின் உச்சியே 4.00 ஆகையால் கதவு அடைபட்டுவிட்டது. மூன்றாண்டுப் பட்டத்திற்கு 90 கிரெடிட்டே ஆதலால் அந்தக் கதவு இன்னும் ஓராண்டு முன்னதாகவே மூடிவிடும். முதலாண்டில் வழுக்கியவர் மனமுடைந்து போகவும் வேண்டியதில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடவும் கூடாது என்பதை இந்த எண்களே உணர்த்துகின்றன.

மீள் பரீட்சையை நம்பியிருப்பதும் சரியன்று. மீண்டும் எழுதிச் சித்தியடைவோர் எவ்வளவு திறமாக எழுதினாலும் 2.0 தரப்புள்ளிக்கு மேற் பெற முடியாது என்பது பல பீடங்களின் விதி. நோயுற்றுப் பரீட்சைக்குச் செல்ல இயலாதவர் உரிய காலத்தில் மருத்துவச் சான்றிதழை ஒப்படைத்து அது ஏற்கப்பட்டால், அடுத்த தடவை முதல் தடவையாகக் கொள்ளப்படுவதுண்டு. சான்றிதழைக் காலந்தாழ்த்திக் கொடுத்து இவ்வுரிமையை இழப்பது பரிதாபம். சில பீடங்களில் ஆங்கிலம் போன்ற அலகுகள் சராசரியிற் சேரா. ஆயினும் அவற்றிற் சித்தியடையாமல் பட்டம் கிடையாது. ஆகவே முதல் வாரத்திலேயே பீடத்தின் கைநூலை வாங்கி விதிகளைப் படித்தறிவது அவசியம்.

புள்ளியை உயர்த்தும் வழி எது? தரங்களின் எல்லைகளை நோக்குக. 70 பெற்றவருக்கும் 84 பெற்றவருக்கும் தரப்புள்ளி 4.0 தான். ஆனால் 49 பெற்றவர் இன்னும் ஒரு புள்ளி பெற்றால் 2.3 என்பது 2.7 ஆகின்றது, 64 பெற்றவர் ஒரு புள்ளி கூடப் பெற்றால் 3.3 என்பது 3.7 ஆகின்றது. அந்த ஒரு புள்ளி பெரும்பாலும் தொடர் மதிப்பீட்டிலேயே நழுவுகின்றது. ஒப்படைக்காத ஒப்படையும், எழுதாத சிறு பரீட்சையும், வராத வகுப்பும் இறுதியில் ஒரு தரத்தையே பறித்துவிடும். நலிந்த பாடத்தின் விரிவுரையாளரை மூன்றாம் வாரத்தில் அணுகி ஐயம் தீர்த்துக்கொள்ளும் மாணவனுக்குப் பதினான்காம் வாரத்தில் அச்சமிராது.

இன்னுமொரு வேறுபாட்டை அறிதல் நன்று. பல்கலைக்கழக அனுமதிக்குரிய இசட் புள்ளி, ஒரு மாணவர் ஏனைய மாணவர்களோடு ஒப்பிடுகையில் எங்கே நிற்கின்றார் என்பதைக் காட்டுவது. அங்கே பிறர் உயர்ந்தால் தம் இடம் தாழும். நிலையான புள்ளி எல்லைகளைக் கொண்ட இந்தத் தரப்புள்ளி முறை அத்தகையதன்று. தோழி ஏ தரம் பெறுவதால் மற்றவளுடைய தரம் குறைவதில்லை. உயர்தரப் பரீட்சைக் காலத்தில் குறிப்புகளை மறைத்துப் படித்தோர், பல்கலைக்கழகத்திலும் அப்பழக்கத்தைத் தொடர்வது பொருளற்றது. நால்வர் கூடி ஒருவர்க்கொருவர் விளக்கிப் படித்தால் நால்வரும் உயர்வர்.

பட்டதாரியின் அறிவு முழுவதையும் ஓர் எண்ணில் அடக்கிவிட முடியாது என்பது உண்மையே. எனினும், காலத்தை அவர் எவ்வாறு செலவிட்டார் என்பதற்கு அந்த எண் ஒரு சான்று. பெரும்போகமும் சிறுபோகமும் முடிந்தவுடன் விளைச்சலைக் கணக்கிட்டு அடுத்த விதைப்புக்கு ஆயத்தம் செய்வது இம்மண்ணின் வழக்கம். ஆண்டில் இரு தடவை வரும் அரையாண்டுப் பரீட்சைக்கும் அதுவே பொருந்தும். ஒவ்வோர் அரையாண்டு முடிவிலும் மாணவர் ஒரு தாளில் தம் கிரெடிட்டையும் தரப்புள்ளியையும் எழுதிப் பெருக்கி, எஞ்சிய காலத்தில் வேண்டியது எவ்வளவு என்று காண்பாராக. அந்தத் தாளைப் பெற்றோருக்கும் காட்டி விளக்குவாராக. வயற்கணக்கு அறிந்த பெற்றோருக்கு இந்தக் கணக்கு விளங்க அதிக நேரம் செல்லாது.