நாவல் படித்துப் பேசலாம், வாருங்கள்!

பொங்கல் விழாச் சாப்பாட்டில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்த இளைஞர் ஒருவர், பாயசம் வரும்வரை எதையோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சார், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் கூடி நாவல் பேசுகிறீர்களாமே! படித்து முடித்த கதையைப் பற்றி இரண்டு மணி நேரம் பேச என்ன இருக்கிறது? என் மனைவிக்கு வர ஆசை. ஆனால் நாங்கள் இருவருமே பள்ளிக்கூடத்தோடு தமிழை விட்டவர்கள். எங்களைச் சேர்த்துக்கொள்வீர்களா?"

பந்தியில் உட்கார்ந்து பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை. அவரைப் போல இன்னும் பலர் சங்கத்தில் இருக்கக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்களைப் பற்றி. எங்கள் வட்டத்தில் தமிழாசிரியர் யாரும் கிடையாது. நான் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன். மாரெட்பள்ளியில் மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர். வங்கியில் வேலை பார்க்கும் சகோதரிகள் இருவர். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி ஒருவர், அவர் மனைவி. எண்பத்தைந்து வயது தாண்டிய ஒரு மாமி, அவரைக் கைபிடித்து அழைத்து வரும் மகள். ஆக 8 பேர். பத்துக்கு மேல் போனால் இரண்டு பேர் பேச மற்றவர்கள் கேட்கும் பொதுக்கூட்டமாகிவிடும். நாலுக்குக் கீழே போனால் காபியோடு கலைந்துவிடும்.

எதில் தொடங்குவது?

சிறிய நாவலில் தொடங்குங்கள். 'பொன்னியின் செல்வ'னை எல்லோருக்கும் பிடிக்கும் என்று ஐந்து பாகத்தையும் எடுத்துக்கொண்டால், இரண்டாம் பாகத்திலேயே பாதிப் பேர் வராமல் நின்றுவிடுவார்கள். ஒரு மாதத்தில், வீட்டு வேலை, ஆபீஸ் வேலைக்கு நடுவில் முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். சென்னையின் தண்ணீர்க் கஷ்டத்தையும் ஜமுனா என்ற பெண்ணின் வாழ்க்கையையும் சொல்லும் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நல்ல தொடக்கம். வேலை தேடி பம்பாய் போன இளைஞனைப் பற்றிய நாஞ்சில் நாடனின் 'மிதவை', ஊரை விட்டு வந்த நம் எல்லோருக்கும் புரியும். தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே போய்க் கரிசல் காட்டைத் திருத்திக் குடியேறியவர்களைப் பற்றியது கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. நாம் தெற்கேயிருந்து இங்கே வந்தோம். அவர்கள் இங்கிருந்து தெற்கே போனார்கள். அந்த மாதம் எங்கள் தெலுங்கு அண்டை வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்து, எங்களைவிட அதிகம் பேசினார்.

தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது என்பவர்களுக்கும் வழி உண்டு. மருந்துக் கம்பெனி அன்பர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மனைவி உரக்கப் படிக்க, அவர் கேட்பார். 'தண்ணீர்', 'அம்மா வந்தாள்', '18வது அட்சக்கோடு' ஆகியவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்திருக்கிறது.

எங்கள் முதல் சண்டை

நாங்கள் தொடங்கிய புதிதில் எனக்கும் ஒன்றும் தெரியாது. தி. ஜானகிராமன் தஞ்சாவூர்க்காரர், நன்றாக எழுதுவார் என்று 'அம்மா வந்தாள்' நாவலை எடுத்தேன். 1966இல் வந்தது. வேதபாடசாலையில் படிப்பை முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிற அப்புவுக்கு, தன் தாய் அலங்காரத்தம்மாளுக்கு வேறொருவருடன் உறவு இருப்பது தெரிய வருகிறது. தன் பிழைக்குப் பரிகாரமாகத்தான் அவள் அவனை வேதம் படிக்க அனுப்பியிருக்கிறாள்.

காபி ஆறுவதற்குள் சண்டை வந்துவிட்டது. "இவளும் ஒரு தாயா?" என்றார் ஒருவர். "புருஷன் எல்லாம் தெரிந்தும் சும்மா இருக்கிறானே, அவனை என்ன சொல்வது?" என்றார் வங்கிச் சகோதரி. இன்னொருவர், "இதையெல்லாம் பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்தில் பேசலாமா?" என்று எழுந்து போய்விட்டார். அவர் அப்புறம் வரவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. தவறு என்னுடையது. பேச்சுக்கு ஒரு வரம்பு கட்டாமல் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டேன்.

குழந்தைகளுக்குச் சொல்லும் கதையில் நல்லவன் ஜெயிப்பான், கடைசியில் நீதி இருக்கும். பெரியவர்களுக்கான நாவலில் அந்த வசதி கிடையாது. நல்லவர்கள் தவறு செய்வார்கள். ஆசிரியர் தீர்ப்புச் சொல்லாமல் போய்விடுவார். அந்த வெற்றிடத்தை நம் கோபத்தால் உடனே நிரப்பத் தோன்றும். அதை ஒரு மணி நேரம் நிரப்பாமல் வைத்திருப்பதுதான் நாவல் பேசுவது என்று பிறகுதான் புரிந்துகொண்டேன்.

நாங்கள் வைத்துக்கொண்ட வழக்கங்கள்

அந்தச் சண்டைக்குப் பிறகு சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதலாவது, தீர்ப்பு வேண்டாம். 'அவள் செய்தது சரியா, தப்பா' என்று கேட்பதில்லை. 'அவள் ஏன் அப்படிச் செய்தாள்? நாவலில் எந்த இடத்தில் அது தெரிகிறது?' என்றுதான் கேட்போம். பக்கத்தைப் புரட்டிக் காட்ட வேண்டும். அண்ணாச்சி இதற்காகவே பழைய பில் தாள்களைக் கிழித்து அடையாளம் வைத்துக்கொண்டு வருவார்.

இரண்டாவது, முதல் சுற்றில் எல்லோரும் ஆளுக்கு ஐந்து நிமிடம். குறுக்கே யாரும் பேசக் கூடாது. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லலாம், எந்த இடத்தில் பிடிக்காமல் போயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேசக் கூச்சப்படுகிறவர்கள் மனதில் நின்ற ஒரு பத்தியை வாசித்தால் போதும்.

மூன்றாவது, கதாபாத்திரம் சொல்வதை ஆசிரியர் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே போல, ஒருவர் கதாபாத்திரத்துக்காகப் பரிந்து பேசினால், அவர் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கக் கூடாது. இங்கே பேசியது வெளியே போகக் கூடாது.

நான்காவது, முடிவைப் பற்றிப் பேச்சு வருமாதலால் படித்து முடித்துவிட்டு வரவேண்டும். முடிக்காதவர்களும் வரலாம்; 'ஐயோ, முடிவைச் சொல்லாதீர்கள்' என்று மட்டும் சொல்லக் கூடாது.

இப்படிப் பேசி என்ன ஆகப் போகிறது என்பவர்களுக்கு ஒரு செய்தி. 1966இல் ஜெயகாந்தன் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்ற சிறுகதையை எழுதினார். மழையில் நின்ற கல்லூரி மாணவி, முன்பின் அறியாதவனின் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. தாய் அவள் தலையில் தண்ணீரைக் கொட்டி, அதோடு கறை போயிற்று என்று ஏற்றுக்கொள்கிறாள். அந்த முடிவை எதிர்த்தும் ஆதரித்தும் வாசகர்கள் வாதாடினார்கள். அந்தத் தாய் அப்படி ஏற்காமல், விஷயம் ஊருக்குத் தெரிந்துபோயிருந்தால் அந்தப் பெண் என்னவாகியிருப்பாள்? அந்தக் கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல் பிறந்தது. அதற்கு 1972இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது.

மாமி வாசித்த பக்கம்

கடைசியாக, இரண்டு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு வருகிறேன்.

செகந்திராபாதில் இருந்துகொண்டு '18வது அட்சக்கோடு' படிக்காமல் இருக்கலாமா என்று அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். நம் ஊர் வடக்கே ஏறத்தாழ பதினேழரை டிகிரியில் இருக்கிறது. நாவலின் தலைப்பு அதை ஒட்டியதுதான். அசோகமித்திரன் 1931இல் இங்கே பிறந்தவர். 1977இல் வந்த இந்த நாவலில் ரயில்வே குடும்பத்துப் பையன் சந்திரசேகரன் லான்சர் பாரக்ஸில் வளர்கிறான், கிரிக்கெட் ஆடுகிறான், கல்லூரிக்குப் போகிறான். அவனைச் சுற்றி நிஜாம் ராஜ்யம் ஆட்டம் காண்கிறது. 1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்திய ராணுவம் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்தார்.

நான்தான் தயங்கிக்கொண்டிருந்தேன். காரணம் அதன் முடிவு. கலவரத்தின் நடுவே சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் போய்விடுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழி தெரியாத ஒரு சிறுபெண் அவன் முன் ஆடையைக் களைந்து நிற்கிறாள். அவன் அவமானம் தாங்காமல் ஓடுகிறான். பெண்கள், அதுவும் எண்பத்தைந்து வயது மாமி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இதை எப்படிப் பேசுவது? எழுந்து போனவரின் முகம் என் கண் முன்னால் நின்றது.

சென்ற ஆண்டு துணிந்து எடுத்தோம். முதல் சுற்றில் எல்லோரும் கிரிக்கெட்டைப் பற்றியும் பழைய தெருக்களைப் பற்றியும் பேசினார்கள். கடைசிப் பக்கங்களை யாரும் தொடவில்லை. மாமியின் முறை வந்தது. புத்தகத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கங்களை நிதானமாக வாசித்தார். பிறகு மூடி வைத்துவிட்டுச் சொன்னார்:

"அப்போ எனக்குப் பத்து வயசு. எங்க பக்கத்து வீட்டிலே ஒரு முஸ்லிம் குடும்பம். அவா பொண்ணும் நானும் பாண்டி ஆடுவோம். அந்த செப்டம்பர்லே ஒரு ராத்திரி எங்க வீட்டுக் கதவைத் தட்டினா. அந்தப் பொண்ணோட அம்மா குரல். எங்கப்பா தாழ்ப்பாள்லே கை வெச்சுண்டு நின்னார். திறக்கலே. கார்த்தாலே அந்த வீடு பூட்டியிருந்தது. எங்கே போனா, என்ன ஆனான்னு தெரியாது."

அவர் மகளுக்கு அறுபது வயது. "அம்மா, எங்ககிட்டே ஒரு நாளும் சொன்னதில்லையே!" என்றார்.

"எதைச் சாக்கு வெச்சுச் சொல்றது?" என்றார் மாமி.

யாரும் அவர் தகப்பனாரைக் குறை சொல்லவில்லை. வீட்டில் சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருப்பார் என்று சமாதானமும் சொல்லவில்லை. அலங்காரத்தம்மாளுக்காக நாங்கள் சண்டை போட்டுக் கற்றுக்கொண்ட வழக்கம் அன்று கைகொடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து அண்ணாச்சி கேட்டார்: "அந்தப் பிள்ளை பேரு என்ன, மாமி?" மாமி சொன்னார். அது எங்கள் வட்டத்துக்குள் இருக்கட்டும். அன்று ஆறு மணிக்கு முடிய வேண்டிய பேச்சு எட்டு மணிக்குத்தான் முடிந்தது.

பாயசம் கேட்டு வாங்கிக்கொண்ட இளைஞருக்கு என் பதில் இதுதான். நீங்களும் உங்கள் மனைவியும் அவசியம் வரவேண்டும். அடுத்த மாதம் 'தண்ணீர்'. சங்க நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது, என்னிடம் ஒன்று இருக்கிறது. ஐந்து பேர் சேர்ந்தால் சென்னையிலிருந்து மொத்தமாக வரவழைக்கலாம். வேறு பேட்டையில் இருப்பவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். நாலு பேர், ஒரு நாவல், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களையும் கட்டாயம் பக்கத்தில் உட்கார வையுங்கள்.