தீயளந்து பாகு காய்ச்சுதல்

கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்றதும் நாவூறப் பெறாதார் நம் கல்லூரியில் மிகச் சிலரே. வானம் பார்த்த கரிசற் பூமியிற் பிறந்த அத்தின்பண்டம் 2020-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றது. நிலக்கடலையும் வெல்லமுமே அதன் முதற்பொருள்கள். அவ்விரண்டும் நன்கு வாய்த்தும் மிட்டாய் கெடுதல் உண்டு; கெடுப்பது தீ. ஆதலின் அத்தீயை அடக்கும் வகையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

வெல்லத்தை நீரிற் கரைத்து அடுப்பேற்றின் நிகழ்வது யாது? தனி நீர் 100 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திற் கொதிக்கும். வெல்லம் கரைந்த நீரோ அதனினும் மிகுந்த வெப்பத்திற் கொதிக்கும். நீர் ஆவியாய்ப் போகப்போகப் பாகு தடித்து, அதன் கொதிநிலையும் உயரும். எனவே, பாகின் வெப்பம் அதில் எஞ்சியுள்ள நீரின் அளவைக் காட்டும் அடையாளமேயாம். சர்க்கரைப் பாகைத் தண்ணீரிற் சொட்டிப் பார்த்தால், 115 டிகிரி அளவில் மெல்லிய உருண்டையாகத் திரளும். 150 டிகிரி அளவிற் கண்ணாடிபோல் இறுகி முறியும். கடலைமிட்டாய்க்கு வேண்டுவது இறுகி முறியும் பதமே. முந்தி இறக்கினாற் பல்லில் ஒட்டும். பிந்தி இறக்கினாற் கசக்கும்.

இங்கே ஓர் இடர் உண்டு. நீர் மிகுந்திருக்குங்காறும் தீயின் ஆற்றல் பெரிதும் அதனை ஆவியாக்குவதிற் செலவாகும். வெப்பம் மெல்லவே ஏறும். நீர் அருகியபின்னரோ அதே தீ வெப்பத்தை விரைந்து ஏற்றிவிடும். ஆதலின் தொடக்கத்திற் பெருந்தீயும் முடிவிற் சிறுதீயும் வேண்டும். விறகடுப்பிற் கொள்ளியை இழுத்தாலும் தணல் உடனே தணியாது. அத்தணலின் சூட்டையும் கணக்கிட்டே கைதேர்ந்தோர் சட்டியை இறக்குவர்.

எரிவாயு அடுப்போ திருகியவுடன் தணியும். எனினும், பெரிய அடுப்பினைச் சிறுதீயில் வைத்தாற் காற்றில் அணைந்துவிடக் கூடும். அணைந்தபின் கசியும் வாயு பேரிடர் விளைக்கும். இதற்குச் செய்யத்தக்க திருத்தங்கள் நான்கு. முதலாவது, தீயை நுண்ணிதாய்க் கூட்டவும் குறைக்கவும் வல்ல வால்வினைப் பொருத்துதல். இதனைத் தேர்ந்த தொழிலாளரைக் கொண்டே செய்வித்தல் வேண்டும். ரெகுலேட்டரைத் தாமே கழற்றித் திருத்துதல் கூடாது. இரண்டாவது, அடுப்பைச் சூழ இரும்புத் தகட்டாற் காற்றுமறைப்பு அமைத்தல். அதன் அடியிற் காற்றுப் புக இடைவெளி விடவேண்டும். சிலிண்டர் மறைப்பிற்கு வெளியே தள்ளி நிற்கவேண்டும். மூன்றாவது, அடி கனத்த சட்டியைக் கொள்ளுதல். அது சூட்டை ஒருசீராய்ப் பரப்பும். நான்காவது, சட்டியின் அடியைத் தொடாதவாறு வெப்பமானியைப் பாகில் நிறுத்துதல். கனத்த சட்டி தீயை அணைத்த பின்னும் சூடு தருமாதலின், குறித்த வெப்பத்திற்குச் சில டிகிரி முன்னரே இறக்கிவிடல் நன்று.

நிற்க. வெப்பமானி இருக்கக் கைப்பழக்கம் எதற்கு என வினவுவாரும் உளர். யாமும் அவ்வாறு எண்ணியே ஒரு சிறு சட்டியிற் காய்ச்சிப் பார்த்தோம். வேறொரு வெல்லத்திற்குக் குறித்து வைத்திருந்த எண்ணையே நம்பினோம். எண் வந்ததும் இறக்கினோம். மிட்டாயோ மறுநாள் பிசுபிசுத்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. வெல்லத்திற் கரும்புச் சர்க்கரையோடு குளுக்கோசும் பிரக்டோசும் கலந்துள்ளன. அக்கலப்பு வெல்லத்திற்கு வெல்லம் மாறும். அவை மிகுந்த பாகில், அதே வெப்பத்திலும், நீர் சற்றே கூடுதலாய் எஞ்சும். அவை காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். ஆகவே, புதுவெல்லம் வந்த அன்று முதற் சட்டியைத் தண்ணீரிற் சொட்டி, முறியும் பதத்தைக் கையாற் சோதிக்க வேண்டும். அப்போது வெப்பமானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டால், அவ்வெல்லம் தீரும்வரை அதுவே வழிகாட்டும்.

எமக்குக் கெட்டது ஒரு சிறு சட்டி. சிறுதொழில் செய்வார்க்கோ ஒரு சட்டி கரிதல் அன்றைய ஊதியமே கரிதலாகும். ஆதலின் இது விளையாட்டன்று. கருவி கையை விலக்க வந்ததன்று. கை கண்டறிந்ததை நினைவில் வைக்க வந்தது. கோவில்பட்டியின் அடுப்படியில் ஆண்டுகள் பல நின்று பதம் அறிந்தோரிடம் அக்கல்வியைக் கேட்டறிந்து, எண்ணோடு இணைத்து எழுதிவைத்தல் நம்மனோர் கடன் அன்றோ?